சரிவு பார்த்து நிறுத்துகிறவன்

சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஐந்தருவி கார் நிறுத்தத்தில் சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். வண்டிக்குள் ஆறு பேர். மதுரையிலிருந்து ரயிலில் வந்து, தென்காசியில் என் வண்டியைப் பிடித்த குடும்பம். எல்லார் தலையிலிருந்தும் அருவித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துக் குளித்த எண்ணெயும் ஈரத் துண்டும் கலந்த வாடை வண்டிக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. பின்சீட்டு அம்மாள் மடியில் ஒரு பை நிறைய ரம்புட்டான்.

மறுபடி திருப்பினேன். டேஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் செத்து, நான் சாவியை விட்டதும் திரும்ப உயிர் பெற்றன. ஹாரன் அடித்துப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. ஹெட்லைட் எரிந்தது. வைப்பர் ஓடியது. எல்லாம் இருக்கிறது, எடுக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

"என்ன டிரைவர், தள்ளணுமா?" என்றார் முன்சீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"ஒரு நிமிஷம் சார்."

இறங்கிப் பானட்டைத் தூக்கினேன். உள்ளே எதையும் தொடவில்லை. தொட்டு இன்னும் ஏதாவது ஆகிவிட்டால்? சும்மா பார்த்துவிட்டு, ஓங்கிச் சாத்தினேன். வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல வண்டி எடுத்துக்கொண்டது.

"கைராசிக்காரர்தான்" என்றார் அவர்.

அவருக்கு என்ன தெரியும். நான் பயந்தது அந்த ஆறு பேருக்காக இல்லை. அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் மகள் கோமதி பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்து வாசலில் நின்றாக வேண்டும். அவளை இந்த வண்டியில்தான் கூட்டிப் போகவேண்டும்.

ஆலங்குளத்தில் கழற்றிய ஷூ

கோமதி போலீஸ் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டுக் கொடியில் காக்கிச் சட்டை காயும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அவள் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று சொன்ன நாளில், சந்தோஷத்தில் அவள் காட்டிய தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தவன்.

முந்தின வருடமும் அவள் எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தாள். அடுத்தது ஓட்டம். அன்றும் நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். ஆலங்குளத்தில் ஒரு டீ குடிக்கலாமென்று நிறுத்தினேன். அதுதான் நான் செய்த பாவம். பழைய பேட்டரி. அணைத்த வண்டி எடுக்கவில்லை. ரோடு சமதரை.

டீக்கடையில் நின்ற இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். போதவில்லை. கோமதி இறங்கினாள். புது ஷூ அழுக்காகக் கூடாதென்று அதைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று தள்ளினாள். வண்டி எடுக்கும்போது அவள் முட்டி வரைக்கும் சேறு.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஓடவும் செய்தாள். இரண்டே இரண்டு செகண்டில் போய்விட்டது.

அவள் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஒரு வருடமாக, எங்கே 'டக்' என்று சத்தம் கேட்டாலும், கதவுத் தாழ்ப்பாள் போட்டால்கூட, எனக்கு அந்தச் சேறு பிடித்த முட்டிதான் முன்னால் வந்து நிற்கும்.

இந்த வருடம் மறுபடி எழுதி, மறுபடி தேறி, மறுபடி ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"பஸ்ல போயிருவோம் தாயி. காலையில பஸ்ஸுக்கா பஞ்சம்?"

அவள் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வண்டியிலயே போவோம்."

"எடுக்கலன்னா?"

"நாளைக்கு ஒரு நாளு முழுசா கெடக்குல்லா. என்ன கோளாறுன்னு பாருங்க."

"ஒரு மாசமா அதத்தானட்டீ பாக்குதேன்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "பஸ்ல போனா நான் ஓடி ஜெயிச்சாலும் நீங்க ஆலங்குளத்த எறக்கி வைக்கவே மாட்டிய. ஆயுசுக்கும் சொமப்பிய. அத தெனைக்கும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுப்பா."

அடுப்படியிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் சத்தம் கொடுத்தாள். "அப்பனுக்கும் மவளுக்கும் கோட்டிதான் புடிச்சிருக்கு. ஏட்டி, ஓடப்போறது நீயா, வண்டியா?"

சரிவு தேடும் கண்

இந்தத் தொடரில் போன வாரம் என் லாரி கிளீனர் நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு நண்பர் கேட்டார், 'லாரியில் என்னதான் கற்றுக்கொண்டீர்?' என்று. ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டேன். சரிவு பார்த்து நிறுத்த.

நான் ஏறிய முதல் லாரிக்கு, எஞ்சினைக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டாரே வேலை செய்யாது. சிவகிரிப் பக்கம் செங்கல் ஏற்றப் போவோம். டிரைவர் எங்கே நிறுத்தினாலும் மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கும்படிதான் நிறுத்துவார். சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. கிளம்பும்போது கல்லை எடுத்தால் லாரி தானாக உருளும், கியரைப் போட்டால் எடுத்துக்கொள்ளும். கல்லை எடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறவேண்டும். இரண்டு தடவை என்னை விட்டுவிட்டே போயிருக்கிறார்.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சொந்த வண்டி வாங்கி இத்தனை வருடமாகியும், நான் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். நிழல் இருக்கிறதா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். தென்காசியில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குற்றாலத்தில் மலை இருக்கிற புண்ணியத்தில் எங்கே நிறுத்தினாலும் பயமில்லை. ஐந்தருவியில் அன்றைக்குக் கூட்டம், கிடைத்த இடம் சமதரை. அதனால்தான் உள்ளங்கை வேர்த்தது.

கோமதி சின்ன வயதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால், "அப்பா எறக்கம் பாத்துக்கிட்டு இருக்காவ, நாம போயி சாப்பிடுவோம் வாம்மா" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். முன்சீட்டில் ஏறினால் அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போகும். நான் சாவியைத் திருப்பி, எடுத்த பிறகுதான் கையை எடுப்பாள். எடுக்காவிட்டால் இறங்கித் தள்ளவேண்டுமே.

புதுப் பேட்டரிக்குச் செய்த மரியாதை

ஓட்டத்தில் தோற்ற பிறகு அந்தப் பழைய பேட்டரியை என்னால் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் தள்ளியும் உருட்டியும் ஓட்டி, இந்த வைகாசியில்தான் புதிது வாங்கினேன்.

வாங்கிய கிழமை செவ்வாய். கடைக்காரர், "மாட்டித் தந்திருதேன், வண்டியக் கொண்டாங்க" என்றார். செவ்வாய்க்கிழமை மாட்டவேண்டாமென்று, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையால் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் சூடம் காட்டினாள். எலுமிச்சம்பழம் சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்தோம். பிறகு நானே ஸ்பேனரை எடுத்து மாட்டினேன். வயரைப் பேட்டரியோடு கவ்விப் பிடிக்கிற கிளாம்பு அசையக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். மேலே கனமாகக் கிரீஸையும் அப்பி, ரப்பர் மூடியையும் போட்டேன்.

ஒரு மாதம் தங்கமாக ஓடியது. சாரல் தொடங்கியதும் 'டக்' வந்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க நன்றாக எடுக்கும். மறுநாள் காலையில் ஒரு தடவை மறுக்கும். அப்புறம் மூன்று நாள் ஒன்றும் இருக்காது. முழுசாகக் கெட்ட வண்டியை நம்பலாம். இப்படி இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு சோறு இறங்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையைக் கழுவிவிட்டுப் போய் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். எடுக்கும். திரும்பி வந்து உட்கார்வேன். இப்போது எடுத்ததே, இன்னொரு தடவை எடுக்குமா என்று தோன்றும்.

காஜாவிடம் கொண்டுபோனேன். தென்காசியில் கார் எலெக்ட்ரீஷியன் பட்டறை வைத்திருக்கிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் என்னைவிடப் பத்து வயது பெரியது. பேட்டரி புதிது என்பதால் அதை விட்டுவிட்டு, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றிக் கட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகுதான் அந்த ஐந்தருவி.

காஜாவின் சிரிப்பு

வெள்ளிக்கிழமை காலை பட்டறை திறக்கும் முன்பே போய் நின்றுவிட்டேன். காஜா ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, நான் கட்டுன செல்ஃப் மோட்டாரு. அத மட்டும் குத்தம் சொல்லிராதீய. ஜும்மாவுக்குப் போணும், அதுக்குள்ள முடியுமான்னு பாப்போம். எடுங்க."

எடுத்தேன். உடனே எடுத்தது. அணைத்தேன், எடுத்தேன். பத்துத் தடவை. பத்துத் தடவையும் தேன் மாதிரி எடுத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் காய்ச்சல் இறங்குமே, அப்படி.

மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல். எஞ்சின் ஓடும்போது பதினான்கு. "பேட்டரியும் நல்லாருக்கு, டைனமோவும் நல்லாருக்கு. நீங்கதான் நல்லா இல்ல" என்றார்.

"வெளையாடாதப்பா. நாளைக்குப் பிள்ளைய கூட்டிட்டுப் போணும்."

அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்ததோ, அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சரி. எடுக்காதப்ப லைட்டு என்ன செய்யும்?"

"மொத்தமா செத்துரும். சாவிய விட்டா வந்துரும்."

"செல்ஃபு கெட்டா லைட்டு எதுக்கு சாவணும்?" இது எனக்கில்லை, தனக்குத்தானே. "எடுக்கலன்னா நீங்க என்ன செய்விய?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"அப்புறம் எப்படி எடுக்கு?"

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாதது. "பானட்டத் தொறந்து… ஓங்கிச் சாத்துவேன். எடுத்துரும்."

காஜா என்னையே பார்த்தார். "இத ஏன் அண்ணாச்சி ஒரு மாசமா சொல்லல?"

"சிரிப்பேன்னுதான்."

"சிரிக்கத்தான் செய்வேன். கண்டுபிடிச்சிட்டு சிரிப்பேன்."

எழுந்து பானட்டைத் திறந்தார். அவர் வேலை செய்துகொண்டே சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன். குழாய்க்குள் குப்பை அடைத்தால் சொட்டுத் தண்ணீர் வரும், குடம் நிறையாது. விளக்குக்கும் ஹாரனுக்கும் சொட்டுக் கரண்டு போதும். செல்ஃப் மோட்டாருக்குக் குடம் குடமாக வேண்டும். மோட்டார் கெட்டிருந்தால் விளக்கு பாட்டுக்கு எரியும். விளக்கும் சேர்ந்து சாகிறதென்றால் அடைப்பு வழியில் இருக்கிறது. பானட்டைச் சாத்துகிற அதிர்ச்சியில் சரியாகிறதென்றால், அது கீழே மோட்டாரில் இல்லை, மேலே, பானட்டுக்குப் பக்கத்தில்.

பேட்டரி வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினார். "இப்ப எடுங்க." எடுத்தது. "இப்ப?" எடுத்தது. சிவப்பு மூடி போட்ட பாசிட்டிவ் வயரை இடது பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப" என்றார்.

டக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

"பிடிச்சாச்சி. அப்படியே இருங்க." மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் ஈயக் குமிழ் நடுவில் குத்தினார். இன்னொரு ஊசியை அதைக் கவ்வியிருக்கிற கிளாம்பில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. "திருப்புங்க." டக். "ஒம்பது வோல்ட்டு! இங்க ஒண்ணுமே காட்டக் கூடாது அண்ணாச்சி. பேட்டரி குடுக்கறதெல்லாம் இந்த நூலளவு எடத்துலயே நின்னு போவுது."

"கிளாம்பு டைட்டால்லா இருக்கு?"

"டைட்டாத்தான் இருக்கு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

முதலில் நெகட்டிவைக் கழற்றினார். பிறகு பாசிட்டிவ். நான் முறுக்கிய முறுக்கில் அது வர மறுத்தது. வந்ததும், உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

மஞ்சளாக ஒரு படலம். காய்ந்து, ஓடு ஓடாக வெடித்திருந்தது. ஓரத்தில் ஒரு கோடு சிவப்பு. ஈரம் ஏறிய இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. காஜா நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"மணக்குல்லா. அண்ணாச்சி, இது என்னது?"

எனக்கு அவர் சுரண்டும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் புதன்கிழமை, மேலே மட்டும் பொட்டு வைத்தால் போதாதென்று, குமிழைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசினேன். பேச்சியம்மாள்கூட, "போதும், என்னத்துக்கு இம்புட்டு?" என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கிளாம்பை இறக்கி முறுக்கியிருக்கிறேன். மறுபடி ஆலங்குளம் வந்துவிடக் கூடாதென்று நானே ஆலங்குளத்தை உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

"சந்தனம்" என்றேன்.

காஜா சொன்னபடி சிரிக்கத் தொடங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பொட்ட நெத்தியில வைக்கணும் அண்ணாச்சி. நீங்க வாய்க்குள்ள வச்சி அடைச்சிருக்கிய. அது எப்படிப் பேசும்? எங்க வீட்லயும்தான் தர்கா சந்தனம் வந்தா வண்டிக்குப் பூசுவோம். பம்பர்ல பூசுவோம், பேட்டரிக்குப் போட்டு ஊட்ட மாட்டோம்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினார். நுரைத்துக்கொண்டு போனது. குமிழையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி பளபளக்க வைத்தார். வெறும் ஈயத்தின்மேல் வெறும் கிளாம்பை மாட்டி, முறுக்கிய பிறகு கடைசியாக மேலே கிரீஸ் பூசினார். "பூசுறது எல்லாம் மாட்டுனப்புறம். ஞாபகம் வச்சிக்கிடுங்க." ஊசிகளை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. பாங்குச் சத்தம் கேட்டது. கையைக் கழுவப் போய்விட்டார்.

சமதரை

சனிக்கிழமை காலை பேச்சியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நான் பானட்டுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணாடியில வையி. ஸ்டியரிங்கில வையி. இங்கன மட்டும் வரப்புடாது."

"ஆமா, நான்தான் பூசி அடைச்சேன் பாருங்க" என்றாள்.

முதல் திருப்பிலேயே எடுத்தது. ஆனாலும் நான் விடவில்லை. பாவூர்சத்திரத்தில் நிறுத்தவில்லை, ஆலங்குளத்தில் அந்த டீக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் கோமதியை இறக்கிவிட்டேன். அவள் வாசலுக்குள் போன பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. பாளையங்கோட்டை தட்டு மாதிரி ஊர். நானும் இரண்டு தெரு சுற்றிப் பார்த்தேன். ஒரு சாண் சரிவு கிடையாது.

முக்கால் மணி நேரம் ஓடும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஓய், டீசல் என்ன ஒம்ம தோட்டத்துல காய்க்குதா? ஆஃப் பண்ணும்."

"இல்ல சார், அணைச்சா…"

"அணைச்சா என்ன, வண்டி கோவிச்சுக்கிடுமா? அங்கன பிள்ளைவ ஓடுது, பொகைய விட்டுக்கிட்டு இருக்கீரு. அணையும் வே."

அவள் ஓடுகிற இடத்துக்கா என் புகை போகிறது? அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் என்று தெரியாது. அந்த அமைதி என் காதை அடைத்தது. வேப்ப மரத்தடியில் மற்றத் தகப்பன்மார் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாவியில் கை வைப்பேன், எடுத்துப் பார்ப்போமா என்று நினைப்பேன். மீட்டரில் ஒன்றும் காட்டாததை நினைத்துக் கையை எடுத்துவிடுவேன். ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். ஷூவெல்லாம் செம்மண். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெருவைப் பார்த்தாள்.

"என்னப்பா, சமதரையில நிறுத்திருக்கிய? ஆஃப் வேற பண்ணிருக்கிய?"

"ஆமா."

"கல்லு கில்லு ஒண்ணும் வைக்கல?"

"வைக்கல. நீ மொதல்ல சொல்லு தாயி. என்னாச்சி?"

"அதெல்லாம் பாஸ்தான். அஞ்சு செகண்டு மிச்சம்." பஸ்ஸில் சீட்டு கிடைத்தது என்பதைப் போலச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினாள். "எடுங்க, பசிக்கி."

சாவியைப் போட்டேன். அவள் இடது கை போய்க் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்குத் தயாராகக் காத்திருந்தது.

திருப்பினேன். எடுத்தது.

கதவிலிருந்து கையை எடுத்து, அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.